கொடுத்தாலும் குறையாத களஞ்சியம்

கொடுக்கக் கொடுக்கக் குறையாத செல்வம் கல்வி என்பர் பெரியோர். ஆயினும் அறிவியல் உலகில் அரிதின் முயன்று சேர்த்த அறிவும் பகிரப்படாமல் மறைந்துபோவதுண்டு. ஆய்வாளர் ஒருவர் பல ஆண்டுகள் உழைத்து எடுத்த அளவுகள், படங்கள், குறிப்புகள் ஆகியவற்றை ஆய்வுத் தரவுகள் என்கிறோம். அவர் எழுதும் கட்டுரையில் முடிவுகளே பெரிதும் இடம்பெறும். அவற்றுக்கு ஆதாரமான தரவுகளோ அவருடைய அலமாரியிலேயே தங்கிவிடும். அவர் ஓய்வு பெற்றபின் அவற்றின் கதி என்ன?

1969 ஜூலையில் மனிதன் முதன்முதலாகச் சந்திரனில் நடந்த காட்சியைத் தாங்கிய மூலப் பதிவு நாடாக்கள், பின்னாளில் அழிக்கப்பட்டு வேறு பதிவுகளுக்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என நாசா நிறுவனம் 2009இல் அறிவித்தது. தொலைக்காட்சி ஒளிபரப்பின் பிரதிகள் பிற இடங்களில் இருந்தமையால் காட்சியேனும் தப்பியது. ஒரே இடத்தில் வைத்த பொருளுக்கு என்றும் ஆபத்து உண்டு என்பதை இதனால் அறிகிறோம்.

இக்குறையைப் போக்க எழுந்தவையே திறந்த களஞ்சியங்கள். அவற்றுள் மூத்த ஒன்றான புரதத் தரவு வங்கியைப் பற்றி இங்குக் காண்போம்.

உணவைச் செரிக்கச் செய்வதும், இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பதும் புரதங்களே. ஒரு புரதத்தின் வேலையை நன்கு அறிய, அதன் அணுக்கள் எவ்வாறு அமைந்துள்ளன என்று காண வேண்டும். இது எளிய செயலன்று. நோபல் பரிசு பெற்ற டாரதி ஹாட்ஜ்கின் அம்மையார், முப்பது ஆண்டுகளுக்கு மேல் முயன்று, 1969இல்தான் இன்சுலினின் வடிவத்தைக் கண்டார். இத்தகைய உழைப்பின் பயன் அழியலாமா?

1971இல் அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் இவ்வங்கி தொடங்கியபோது இருந்தவை ஏழு வடிவங்களே. அக்காலத்தில் தரவுகள் காந்த நாடாக்களில் பதிந்து அனுப்பப்பட்டன. இன்று அங்கு இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட வடிவங்கள் உள்ளன. எவரும் கட்டணமின்றி அவற்றைப் பெறலாம்.

இது செயற்படும் முறை என்ன? ஆய்வாளர், அணுக்களின் இருப்பிடங்களோடு, சோதனை செய்த முறையையும் எழுதி ஒப்படைக்கிறார். வல்லுநர்கள் அவற்றைச் சரிபார்த்துத் தனி அடையாளக் குறி ஒன்றை வழங்குகின்றனர். பிறர் அத்தரவைப் பயன்படுத்தும்போது இக்குறியைச் சுட்டுவதால், உழைத்தவருக்கு உரிய பெருமையும் சேர்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன் தம் சகாக்களுடன் 1963இல் வெளியிட்ட வரைபடம் இச்சரிபார்ப்பில் இன்றும் துணைபுரிவது நமக்குப் பெருமையன்றோ! 2003 முதல் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகிய இடங்களின் மையங்கள் கூடி இவ்வங்கியைக் காத்து வருகின்றன.

“நாம் பாடுபட்டதைப் பிறருக்கு ஏன் தர வேண்டும்?” எனத் தயங்கியோரும் உண்டு. அதற்குக் காலமே விடை தந்தது. கொரோனாக் கிருமியின் முக்கியப் புரதம் ஒன்றின் வடிவத்தைச் சீன ஆய்வாளர்கள் இவ்வங்கியில் ஒப்படைக்க, 2020 பிப்ரவரித் தொடக்கத்திலேயே அது வெளியாயிற்று. மருந்து தேடிய பல நாட்டவருக்கும் அது உடனே கைகொடுத்தது. புரதத்தின் வடிவத்தைக் கணிப்பொறியால் முன்னறியும் முறைக்காக 2024இல் டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகியோர் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். அக்கணிப்பொறி பாடம் கற்றதும் இக்களஞ்சியத்தைக் கொண்டே. ஆயிரமாயிரம் பேர் அரை நூற்றாண்டாகச் சிறுகச் சிறுகச் சேர்த்திராவிடில் அது கைகூடியிராது.

எல்லாவற்றையும் அப்படியே திறந்து வைத்துவிடலாம் என்பது இதன் பொருளன்று. நோயாளியின் பெயரும் அந்தரங்கமும் காக்கப்பட வேண்டியவை. அவற்றை நீக்கியோ, தக்கவர்க்கு மட்டும் அனுமதி தந்தோதான் அத்தரவுகளைப் பகிர வேண்டும்.

தோழியரே, அளந்தது எந்த நாளில், எந்தக் கருவியால், எந்த அலகில் என்ற குறிப்பில்லாத எண் பிறருக்குப் பயன்படாது. நம் ஆய்வுக்கூட ஏட்டில் இவற்றை ஒழுங்காக எழுதுவதும், எதிர்பார்த்த விடை வராவிடினும் கண்ட அளவை மாற்றாமல் பதிவதும் இப்பணிக்கு நல்ல பயிற்சியாகும். நாளை நம்முள் சிலர் ஆராய்ச்சியாளர் ஆகலாம். அப்போது நாம் விட்டுச் செல்லும் தரவுகள், நாம் முகம் அறியாத ஒருவருக்கும் தெளிவாகப் புரிய வேண்டுமல்லவா?