கண் சிவப்புதானே என்று இருந்துவிடாதீர்கள்!

டி.பி. என்றால் நமக்கெல்லாம் இருமலும் சளியும்தானே ஞாபகம் வரும்? அது கண்ணிலும் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். என் வலது கண்ணுக்கே வந்த பிறகுதான் புத்தி வந்தது.

முதலில் கண் லேசாகச் சிவந்தது, வெளிச்சம் கூசியது. "மெட்ராஸ் ஐயா இருக்கும்டி" என்றார் பக்கத்து வீட்டு மாமி. ஆனால் பீளையும் இல்லை, அரிப்பும் இல்லை. மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டேன். நாலே நாளில் சரியாயிற்று. நிறுத்தினால் பத்து நாளில் மறுபடி சிவந்தது. இப்படி மூன்று தடவை! ஒரு நாள் அரிசி புடைக்கும்போது முறத்தில் கறுப்பாக ஏதோ ஓடியது. வண்டு என்று பொறுக்கப் போனால் கையில் ஒன்றும் அகப்படவில்லை. கண்ணை அசைத்தால் அதுவும் கூடவே நகர்ந்தது. பயந்து போய் கண் டாக்டரிடம் ஓடினேன்.

மருந்து விட்டுப் பாப்பாவை விரியவைத்து, தாடையைக் கருவியில் வைக்கச் சொல்லி, வெகு நேரம் பார்த்தார். "விழிக்கு உள்ளே நடுப்படலத்தில் அழற்சி. 'யூவியைட்டிஸ்' என்போம். நீங்கள் விட்ட மருந்தில் ஸ்டீராய்டு இருக்கிறது. அது சிவப்பை அடக்கும், காரணத்தைப் போக்காது. இஷ்டத்துக்கு விட்டால் கண் அழுத்தமும் புரையும்கூட வரலாம்" என்றார். அப்புறம் கேட்டார்: "வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா?"

நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். மாமனாருக்கு இருந்தது. கல்யாணமான புதிதில் நான்தான் பணிவிடை செய்தேன். வெளியே 'நெஞ்சுச் சளி' என்றே சொல்லி வைத்திருந்தோம். இப்போது கல்யாணத்துக்கு ஒரு பெண் நிற்கிறாள், எப்படிச் சொல்வது? ஆனாலும் கண்ணாயிற்றே! சொல்லிவிட்டேன்.

"நல்ல வேளை சொன்னீர்கள்" என்றார் டாக்டர். உடம்புக்குள் புகுந்த கிருமி வருஷக்கணக்கில் உறங்கிக் கிடக்குமாம். ரத்தத்தின் வழியே கண்ணுக்கும் போகுமாம். இருமல் இல்லாமலே கண்ணில் மட்டும் தெரியலாம். எனக்கும் மார்பு எக்ஸ்ரே சுத்தமாகத்தான் இருந்தது.

கண்ணுக்குள்ளிருந்து நீர், சதை எடுத்துக் கிருமியைக் கண்டுபிடிப்பது லேசான காரியமில்லை. அதனால் பல தடயங்களைச் சேர்த்துத்தான் முடிவு கட்டுகிறார்கள். முன்கையில் மாண்டூ ஊசி போட்டார்கள். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் போய்த் தடிப்பை அளக்கச் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. 'அப்புறம் போனால் என்ன?' என்று நினைத்தேன். நேரம் தவறினால் ஊசி வீண் என்றதும் முதலில் ஆஸ்பத்திரிக்கே போனேன். நன்றாகத் தடித்திருந்தது. ஆனால் தடிப்பு மட்டும் நோயைச் சொல்லாது. கிருமி உறங்கிக் கிடக்கும் பலருக்கும் அப்படித் தடிக்கும். அதனால் ரத்தப் பரிசோதனை செய்து வேறு நோய்கள் இல்லை என்று பார்த்தார்கள். மார்பு ஸ்கேனில் நெறி கட்டியிருந்தது தெரிந்தது. பிறகுதான் மருந்து ஆரம்பித்தார்கள்.

ஒன்பது மாதம் மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனதும் பதறினேன். ரிஃபாம்பிசின் மாத்திரையால் அப்படித்தான் போகும் என்றார்கள். எதாம்பியூட்டால் என்ற மாத்திரை சிலருக்குக் கண் நரம்பைப் பாதிக்கும். நிறம் மங்கினால் உடனே வரச் சொன்னார்கள். அதனால் தினம் காலையில் ஒவ்வொரு கண்ணாக மூடி, குங்குமச் சிவப்பையும் கறிவேப்பிலைப் பச்சையையும் பார்த்துக்கொள்வேன். அரசு ஆஸ்பத்திரியில் டி.பி. மருந்து இலவசம். கண்ணில் மட்டும் இருந்தால் அது பிறருக்கு ஒட்டாது. குழந்தைகளைத் தாராளமாகக் கொஞ்சலாம்.

இப்போது அரிசியில் வண்டு இருந்தால்தான் வண்டு தெரிகிறது!

சகோதரிகளே, சிவந்த கண் திரும்பத் திரும்பச் சிவந்தால், வெளிச்சம் கூசினால், பார்வை மங்கினால் கடைச் சொட்டு மருந்தை நம்பாதீர்கள். டாக்டர் கேட்டால் வீட்டில் இருந்த வியாதியை மறைக்காதீர்கள். மானத்துக்குப் பயந்து நான் வாயை மூடியிருந்தால், இந்தக் கட்டுரையை எழுத எனக்குக் கண் இருந்திருக்குமோ என்னவோ!