சின்ன முக்காலியும் பீங்கான் பொம்மைகளும்

எங்கள் ஊர் விருத்தாசலத்திற்குத் திருமுதுகுன்றம் என்பது பழம்பெயர். எங்கள் வீடுகளுக்கு விருந்தினராக வருவோர் பழமலைநாதர் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, பீங்கான் பொம்மை ஒன்றையாவது துணியில் சுற்றிப் பையில் வைத்துக் கொள்ளாமல் போவதில்லை. ஆகவே பள்ளிக் கண்காட்சிக்கு 'எங்கள் ஊர்த் தொழில்' என்ற தலைப்பை நாங்கள் எடுத்துக்கொண்டதில் வியப்பொன்றுமில்லை.

எங்கள் தெருவுக்கு அருகில் ஓர் ஆயா பல ஆண்டுகளாகப் பொம்மை வார்த்து வருகிறார். "வர்ற சித்திரையோட நிறுத்திடப் போறேன் கண்ணுங்களா. அச்செல்லாம் தேஞ்சு போச்சு. அதுக்குள்ள வந்து படம் புடிச்சிக்கிட்டுப் போங்க" என்றார். அன்று மாலையே எங்களுள் ஒருத்தி தன் தந்தையின் சிறிய டிஜிட்டல் கேமராவுடன் வர, அறுபது படங்கள் எடுத்தோம். வீட்டில் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் எங்கள் திறமை தெரிந்தது! ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களில் ஒவ்வொரு பொம்மையின் முகத்திலும் வெள்ளைப் பொட்டு ஒன்று எரிந்தது. ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தவற்றிலோ பிள்ளையாருக்கு இரண்டு தும்பிக்கைகள்.

இயற்பியல் கற்பிக்கும் எங்கள் சிஸ்டர் படங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் காரணத்தை விளக்கினார். பீங்கானின் மேற்பூச்சு சூளையில் உருகிக் கண்ணாடி போல் படிந்திருக்கிறது. அதன்மேல் ஃபிளாஷ் வெளிச்சம் பட்டால், முகம் பார்க்கும் கண்ணாடியில் டார்ச் அடித்தது போல நேரே திரும்பிவிடும். ஆகையால் ஃபிளாஷை அணைத்துச் சன்னல் வெளிச்சத்தில் எடுப்பதே முறை. ஆனால் பட்டறைக்குள் வெளிச்சம் குறைவு. வெளியில் 1/60 வினாடியோ அதற்கும் குறைவாகவோ திறந்து மூடும் கேமராவின் கதவு, உள்ளே 1/4 வினாடி திறந்திருக்க வேண்டியதாகிறது. அதாவது 15 மடங்கு நேரம்! அந்நேரத்தில் மூச்சு விட்டாலும் கை அசையும். கை அசைந்தால் படம் இழுபடும்.

இதற்கு மருந்துதான் முக்காலி. நம் வீட்டு முக்காலியையே எண்ணிப் பாருங்கள், தோழியரே. நான்கு கால் நாற்காலி மேடு பள்ளமான தரையில் ஆடும். மூன்று கால் முக்காலி ஆடாது. மூன்று புள்ளிகள் எப்படி அமைந்தாலும் அவை மூன்றையும் தொட்டு ஒரு தளம் செல்லும் என்று கணக்கு வகுப்பில் படித்தோமே, அதுதான் இது. சிஸ்டர் தந்த முக்காலி ஒரு சாண் உயரமே இருக்கும். பென்சில் பெட்டியில் அடங்கிவிடும். அதன் தலையிலுள்ள திருகாணி 1/4 அங்குலம். பெரும்பாலான கேமராக்களின் அடியிலுள்ள துளையும் அதே அளவு. சிறிய கேமராக்கள் பலவற்றில் அத்துளை பிளாஸ்டிக்கால் ஆனது. பலத்தைக் காட்டி முறுக்கினால் மரை தேய்ந்துவிடும்.

காலை நன்றாக விரித்து, மூன்றில் ஒரு காலை லென்சுக்கு நேர் கீழே முன்பக்கம் வைக்க வேண்டும். இல்லையேல் லென்ஸ் வெளியே நீளும்போது கேமரா குப்புற விழும். எங்களுக்கு ஒருமுறை விழப் பார்த்தது. குட்டை முக்காலிக்கு உயரம் வேண்டுமானால் செங்கல்லை அடுக்கிக்கொள்ளலாம். அடுத்து, கேமராவின் ஐ.எஸ்.ஓ. எண்ணை நாமே 100இல் நிறுத்த வேண்டும். தானியங்கியாக விட்டால், இருட்டைக் கண்ட கேமரா அதை 800, 1600 என்று ஏற்றிப் படத்தில் மணல் தூவிவிடும். முக்காலியில் நிற்கும் கேமரா எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் கவலையில்லையே! பிறகு, பொத்தானை அழுத்தும் விரலே கேமராவை அசைக்கும் என்பதால் 2 வினாடி டைமரை வைத்து, அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். வெள்ளைப் பீங்கானைக் கண்டால் வெளிச்சம் அதிகமென்று கேமரா ஏமாந்து, சாம்பல் நிறமாக்கிவிடும். வெளிச்ச அளவைக் கூட்டும் இடத்தில் +1 வைத்தால் வெள்ளை வெள்ளையாகவே வரும்.

இதெல்லாம் புதுமை என்று எண்ண வேண்டாம். 1858ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் என்பவர் மதுரை, திருச்சி, தஞ்சைக் கோயில்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியிலுள்ள கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளப் படமாக்கினார். கேமரா ஆடாமல் நின்றிராவிட்டால் எழுத்துகள் கூடியிருக்குமா? இன்றோ அக்கோயில் போன்ற தொல்லியல் துறைச் சின்னங்களில் முக்காலி வைக்க முன் அனுமதி வேண்டும். சுற்றுலா செல்லும் தோழியர் நினைவில் கொள்க.

இரண்டாம் முறை சென்றபோது எல்லாவற்றையும் சொன்னபடி செய்தோம். அப்படியும் படம் மங்கிற்று! கேமராவையும் முக்காலியையும் மாற்றி மாற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசியில் ஒருத்தி மேசைமேல் கை வைத்துப் பார்த்து, "ஏய், மேசையே ஆடுதுடி" என்றாள். அடுத்த கொட்டகையில் களிமண்ணை அரைக்கும் உருளை ஓடிக்கொண்டிருந்தது. தரை அதிர, மேசையும் அதிர்ந்தது. தரை ஆடினால் முக்காலி என்ன செய்யும்? தேநீர் வேளையில் உருளையை நிறுத்தினார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் அலமாரியிலிருந்த பொம்மை வகைகள் அத்தனையையும் எடுத்து முடித்தோம். செட்டியார் சட்டையின் பொத்தான்கூட எண்ண முடிந்தது.

பிறகு ஆயா களிமண் கூழைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றுவதை ஒரு வினாடித் திறப்பில் எடுத்தோம். அச்சு நீரை உறிஞ்ச, உட்சுவரில் களிமண் தோல் போல் படியும், மீதியைக் கவிழ்த்துவிடுவார். 1838இல் பாரிஸ் நகரில் டாகேர் எடுத்த தெருப்படத்தில் நடமாடியவர் யாரும் பதியவில்லை. பூட்சுக்குப் பாலிஷ் போட நின்றிருந்த ஒருவர் மட்டும் பதிந்தார் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அதுபோலவே எங்கள் படத்திலும் அச்சும் அலமாரியும் தெளிவாக நிற்க, ஆயாவின் கைகள் மட்டும் புகையாக ஓடியிருந்தன. இதைக் கழித்துவிடலாமா என்று எங்களுக்குள் பெரிய விவாதம். ஆயாவிடமே காட்டினோம்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இது எங்கை தான். நிக்காது" என்றார். அந்தப் படத்தையே பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கண்காட்சியில் நடுவில் மாட்டினோம். அலமாரிப் படம் இப்போது ஆயா வீட்டுச் சுவரில் இருக்கிறது.