நீரின் இயல்பும் நத்தை ஏற்கும் உலோகமும்

ஃபிக்ஹு நூல்கள் தூய்மைப் பாடத்தில் தொடங்குகின்றன. அங்கே முதலில் பேசப்படுவது நீரின் வகைகள். ஷாஃபிஈ மத்ஹபில் அவற்றுள் ஒன்று ‘மாஉ முஷம்மஸ்’. வெப்ப நாட்டில், பொன் வெள்ளி நீங்கலான உலோகப் பாத்திரத்தில், வெயிலால் சூடேறிய நீர் அது. அந்நீர் தூய்மையானது, தூய்மைப்படுத்தவும் வல்லது. ஆயினும் அதை உடலில் பயன்படுத்துவது மக்ரூஹ் என்பது மத்ஹபில் பிரபலமான கருத்து. பாத்திரத்திலிருந்து வெயில் வெளிக்கொணரும் பிசுக்கு தோல்நோய்க்கு வழிவகுக்கும் என்று அஞ்சினர். இமாம் நவவீ (ரஹ்) தமது ‘மஜ்மூஉ’ நூலில் இதை ஏற்கவில்லை. எனினும் அச்சட்டம் அமைந்த முறை நம் கவனத்திற்குரியது. உலோகம் உண்டா என்பதோடு அது நிற்கவில்லை. எந்தச் சூழலில் என்பதையும் நிபந்தனையாக்கியது.

நன்னீர் நத்தையை ஆராயும் இன்றைய அறிவியலும் இக்கேள்வியையே கேட்கிறது. நத்தை தன் ஓட்டைக் கட்டுவதற்கான கால்சியத்தின் பெரும்பகுதியை நீரிலிருந்து பெறுகிறது. காட்மியம் அயனி, பருமனிலும் மின்னேற்றத்திலும் கால்சியத்தை ஒத்தது. ஆதலின் கால்சியம் நுழையும் வாயில் வழியே அதுவும் நுழைந்துவிடுகிறது. கடின நீரில் கால்சியம் மிகுந்திருப்பதால் போட்டி கடுமையாகிக் காட்மியம் பின்தங்குகிறது. மென்னீரில் அத்தடை குறைவு. மட்கிய தாவரப் பொருள்கள் செம்பையும் ஈயத்தையும் பிணைத்துக்கொள்கின்றன. உப்பு நீரின் குளோரைடு காட்மியத்தைப் பிணைக்கிறது. அவ்வாறு பிணைந்த உலோகம் உடலுக்குள் எளிதில் புகுவதில்லை. நீர் அமிலத்தன்மை அடையுமானால் பிணைப்புகள் தளர்கின்றன.

சென்னையின் அடையாற்றில் இவை அனைத்தும் ஒருங்கே நிகழத்தக்கவை. அதன் கழிமுகத்தில் கடல்நீர் ஏறுகிறது, கழிவுநீர் கலக்கிறது, வடகிழக்குப் பருவத்தில் மென்மையான மழைநீர் பெருகுகிறது. ஆகவே உலோகத்தின் அளவு ஒன்றாகவே இருப்பினும் மே மாதத்தில் அது விளைவிக்கும் கேடும் நவம்பரில் விளைவிக்கும் கேடும் ஒன்றல்ல. காற்றுப் புகாத கருஞ்சேற்றில் கந்தகச் சேர்மங்கள் உலோகத்தைப் பிடித்து வைத்திருக்கும். சேற்றைத் தோண்டிக் காற்றுப்படச் செய்தால் அதில் ஒரு பகுதி மீண்டும் நீரில் கரையும். அடையாறு உப்பங்கழியில் 58 ஏக்கரில் அமைந்து 2011இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா போன்ற சீரமைப்புப் பணிகளில் இதை மறத்தல் ஆகாது.

பிணைந்த உலோகம் அழிந்துவிட்டதாகவும் கொள்ளலாகாது. பாசியையும் சேற்றையும் உண்ணும் நத்தைக்கு உணவு வழியாகவும் அது சேர்கிறது. நத்தையை உண்ணும் பறவைக்கும் மீனுக்கும் செல்கிறது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2007இல் நன்னீரில் செம்புக்கான வரையறையைத் திருத்தியபோது, கடினத்தன்மை, அமிலத்தன்மை, கரைந்த கரிமப்பொருள் முதலியவற்றையும் கணக்கில் சேர்த்தது. நம் நீர்நிலைகளைச் சோதிப்போரும் உலோக அளவோடு இவற்றையும் சேர்த்து அளக்க வேண்டும்.

நிறம், சுவை, மணம் மாறாத நீரிலும் காட்மியம் இருக்கலாம். அம்மூன்றும் தூய்மைக்கான அளவுகோல்கள். தீங்கை அறிய அவை போதா. தூய்மையான நீரிலும் தீங்குக்கு அஞ்சலாம் என்பதையே ‘முஷம்மஸ்’ பற்றிய அந்தச் சிறு சட்டம் நமக்குக் கற்பிக்கிறது.