போர்வைக்குப் பின்னால் ஒரு சாண் காற்று

பாட்டு, ஒலிநூல், பாட்காஸ்ட் ஆகியவற்றை வீட்டிலேயே பதிவு செய்யும் பழக்கம் பரவிய பின்னர், படுக்கையறையின் ஒரு மூலையைக் குறைந்த செலவில் குரல்பதிவுக் கூண்டாக, அதாவது ஒலிக்கூடத்தார் ‘வோக்கல் பூத்’ என்று அழைக்கும் தனியிடமாக, மாற்ற முடியுமா என்ற கேள்வி பலராலும் எழுப்பப்படுகிறது. அக்கேள்வியோடு பெரும்பாலும் ஒரு நம்பிக்கையும் சேர்ந்தே வருகிறது: சுவர் முழுவதும் முட்டை அட்டைகளை ஒட்டினாலோ, கூரிய முகடுகள் கொண்ட ஓரங்குல நுரைப்பஞ்சுத் துண்டுகளைப் பதித்தாலோ அறை ஒலிக்கூடமாகிவிடும் என்பது அது. கேள்விக்கு ‘முடியும்’ என்பதே விடை. நம்பிக்கைக்குத்தான் இயற்பியலில் இடமில்லை.

குழப்பம், இரண்டு வெவ்வேறு பணிகளை ஒன்றாகக் கருதுவதில் தொடங்குகிறது. தெருவில் ஓடும் ஆட்டோவின் இரைச்சல் உள்ளே வராமல் மறிப்பது ஒலித்தடுப்பு. உள்ளே எழும் குரல் சுவரில் மோதித் திரும்பாதபடி அதன் ஆற்றலை வாங்கிக்கொள்வது ஒலி உட்கவர்தல். ஒலித்தடுப்புக்கு வேண்டியவை எடையும், இடுக்கில்லாத அடைப்பும் ஆகும். ஒரு தடுப்பின் எடை ஒவ்வொரு முறை இருமடங்காகும்போதும் அதைக் கடக்கும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் மட்டுமே குறைகிறது என்பதால், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு 400 கிலோ அளவிலான தன் எடையால் செய்யும் வேலையை, ஒரு கிலோகூடத் தேறாத காகிதக்கூழ் அட்டையிடம் எதிர்பார்க்க வழியில்லை. அந்தச் செங்கல் சுவரிலேயே கதவிடுக்கு, சன்னல் இடைவெளி என்று மொத்தப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், தடுப்பு 20 டெசிபலைத் தாண்டுவதில்லை. ஆகவே மலிவான கூண்டு எதுவும் தெருவின் இரைச்சலை நிறுத்தாது. தெரு அடங்கிய நேரத்தைத் தேர்ந்தெடுப்பதும், மின்விசிறியை அணைப்பதும், வாய்க்கும் மைக்கிற்கும் இடையிலான தூரத்தைப் பாதியாக்கி நேரடிக் குரலை 6 டெசிபல் உயர்த்துவதும்தான் அதற்குச் செலவில்லாத வழிகள்.

கூண்டு செய்யக்கூடியது இரண்டாவது பணியை. சிமெண்டுப் பூச்சும் டைல்ஸ் தரையும் கான்கிரீட் கூரையும் கொண்ட அறையில், ஒவ்வொரு மோதலின்போதும் ஒலியாற்றலில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கே தொலைகிறது. மீதமுள்ளது மீண்டும் மீண்டும் திரும்பி வருகிறது. அறையில் நேரில் அமர்ந்து கேட்பவரின் இரு காதுகளும் மூளையும் சேர்ந்து, முதலில் வந்து சேரும் ஒலிக்கு முதன்மை தந்து, பின்னால் வருவனவற்றைப் பெருமளவு புறக்கணித்துவிடுகின்றன. ஒற்றை மைக்கிற்கு அந்த வசதி இல்லை; நேரடிக் குரலும் திரும்பிய குரலும் அதனுள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. மேசைக்கு 30 சென்டிமீட்டர் மேலே வாயும், அதே உயரத்தில் 20 சென்டிமீட்டர் தள்ளி மைக்கும் இருப்பதாகக் கொண்டால், மேசையில் பட்டு வரும் ஒலி 43 சென்டிமீட்டர் கூடுதலாகப் பயணம் செய்து, ஒன்றேகால் மில்லி நொடி தாமதமாக வந்து சேர்கிறது. அந்தத் தாமதத்தால் 400, 1200, 2000 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகச் சில அதிர்வெண்களில் இரு ஒலிகளும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று தேய்த்துவிடுவதால், குரல் தகரக்குழாய்க்குள்ளிருந்து வருவதாகத் தோன்றுகிறது. விலையுயர்ந்த மைக் வாங்கியும் பதிவு தெளியவில்லை என்று வருந்துவோர் பலரின் குறை மைக்கில் இல்லை. அதன் முன்னாலுள்ள வெறும் மேசையில் இருக்கிறது.

அறை ஒலியியலின் வரலாறு நீண்டது எனினும், இங்கே தேவைப்படுவது அதன் முதல் அத்தியாயம் மட்டுமே. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியக விரிவுரைக்கூடத்தில் பேச்சு புரியாமல் போன சிக்கலை 1895இல் ஏற்றுக்கொண்ட இயற்பியலர் வாலஸ் சபைன், அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுதோறும் சுமந்துவந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழலின் ஒலி அடங்க எத்தனை நொடிகள் ஆகின்றன என்று அளந்தார். அவ்வளவீடுகளிலிருந்து, ஒலி அடங்க ஆகும் அந்த முழக்க நேரம் அறையின் கனஅளவுக்கு நேர்விகிதத்திலும், மொத்த உட்கவர் பரப்புக்கு எதிர்விகிதத்திலும் அமையும் என்ற விதி கிடைத்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான வெறும் அறைக்கு அவ்விதியைப் பொருத்தினால் முழக்க நேரம் இரண்டரை நொடியைத் தாண்டுகிறது. அதே அறையில் நன்கு உட்கவரும் பொருள் ஆறு சதுர மீட்டர் மட்டும் சேர்ந்தாலே அது ஒரு நொடிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. சபைனுக்குக் கைகொடுத்தவை மெத்தைகள் என்பது, இன்றும் போர்வைகளைக் கொண்டு இவ்வேலையைச் செய்ய நினைப்போருக்கு ஊக்கமளிக்கும் செய்தி.

ஆனால் ‘நன்கு உட்கவரும்’ என்ற சொல்லுக்குள் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. இந்த விஷயத்தின் அழகெல்லாம் அந்த நிபந்தனையில்தான் உள்ளது. ஒலி செல்லும்போது காற்றின் அழுத்தம் ஏறி இறங்குவதோடு, காற்றுத் துகள்கள் மிகச் சிறிய தூரம் முன்னும் பின்னும் ஆடுகின்றன. துணியும் பஞ்சும் ஒலியைக் குறைப்பது அந்த ஆட்டத்தை உராய்வால் தேய்ப்பதன் மூலம்தான்: இழைகளுக்கிடையே காற்று நுழைந்து வெளியேறும்போது உரசலால் அதன் இயக்க ஆற்றல் நுண்ணளவு வெப்பமாக மாறிவிடுகிறது. உராய்வு உண்டாக வேண்டுமானால் காற்று நகர வேண்டும். நகராத காற்றிடமிருந்து எந்தப் பஞ்சும் எதையும் பறிக்க முடியாது. சுவரை ஒட்டியுள்ள காற்றோ, சுவர் இடங்கொடாமையால், முன்னும் போக முடியாமல் பின்னும் ஆட முடியாமல் நிற்கிறது. அங்கே அழுத்தம் உச்சத்திலும் ஆட்டம் ஏறத்தாழச் சுழியத்திலும் இருக்கும். சுவரிலிருந்து விலக விலக ஆட்டம் பெருகி, அலைநீளத்தில் கால்பங்கு தூரத்தில் உச்சத்தை அடைகிறது.

தாழ்வாரத்தில் தொங்கும் ஊஞ்சலைக் கொண்டு இதை விளங்கிக்கொள்ளலாம். ஊஞ்சல் உயரத்தின் எல்லையைத் தொட்டுத் திரும்பும் கணத்தில் ஒரு நொடிப்பங்கு அசையாமல் நிற்கிறது. தரைக்கு அருகே நடுவில் வரும்போது மிக விரைவாகப் பாய்கிறது. காலைத் தரையில் தேய்த்து அதை நிறுத்த விரும்புபவர் நடுவில் தேய்த்தால்தான் பயன் உண்டு. பூங்காக்களில் ஊஞ்சலுக்குக் கீழே மணல் குழிந்திருப்பது நடுவில்தானே ஒழிய ஓரங்களில் அன்று. சுவரோடு ஒட்டிய நுரைப்பஞ்சு, ஊஞ்சல் நின்று திரும்பும் ஓரத்தில் காலை ஊன்றிக் காத்திருப்பதைப் போன்றது. அங்கே தேய்ப்பதற்கு வேகமே இல்லை. இன்னும் சொல்லப்போனால், குழந்தையின் தூளி சிறு வீச்சில் விரைந்து ஆடுவதால் அதன் நடுப்பகுதி ஓரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. உயர்ந்த அதிர்வெண்கள் தூளியைப் போன்றவை, ஆகையால் சுவரை ஒட்டிய மெல்லிய பஞ்சுகூட அவற்றைப் பிடித்துவிடுகிறது. நீண்ட சங்கிலியில் தொங்கும் பெரிய ஊஞ்சலின் நடுப்பகுதியோ ஓரத்திலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறது. தாழ்ந்த அதிர்வெண்களைப் பிடிக்கச் சுவரிலிருந்து அவ்வளவு தூரம் விலகி வர வேண்டியிருக்கிறது. ஊஞ்சலில் ஒரே பலகை ஓரத்துக்கும் நடுவுக்கும் போய்வருகிறது; சுவரின் முன்னாலோ ஒவ்வோர் இடத்துக் காற்றும் தனித்தனியே தன் அளவுக்கு ஆடுகிறது. ஒப்புமை இந்த இடத்தில் முறிந்துவிடுகிறது என்றாலும், கால் எங்கே ஊன்றப்பட வேண்டும் என்ற செய்தி முறிவதில்லை.

எண்களில் சொன்னால் வேறுபாடு இன்னும் தெளிவாகிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் செல்வதாகக் கொண்டால், சுவரில் ஒட்டிக் கிடக்கும் ஒரு சென்டிமீட்டர் போர்வை 8,600 ஹெர்ட்ஸ் அளவிலும், ஐந்து சென்டிமீட்டர் நுரைப்பஞ்சு 1,700 ஹெர்ட்ஸ் அளவிலும்தான் தன் முழுத் திறனைக் காட்டும். அதற்குக் கீழே திறன் விரைவாகச் சரிகிறது. அதே போர்வையைச் சுவரிலிருந்து ஒரு சாண், அதாவது சுமார் 23 சென்டிமீட்டர், தள்ளித் தொங்கவிட்டால் அதன் பிடி 375 ஹெர்ட்ஸ் வரை இறங்கி வருகிறது. துணி மாறவில்லை, விலை கூடவில்லை. பின்னாலுள்ள காற்று மட்டுமே வேலையை மாற்றியிருக்கிறது. குரலின் பெரும்பகுதி ஆற்றல் ஆயிரம் ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதால், அந்த ஒரு சாண் காற்றுக்கு ஈடான பொருளைக் கடையில் வாங்க வேண்டுமானால் பல மடங்கு தடித்த பஞ்சு வாங்க வேண்டியிருக்கும்.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. சுவரிலிருந்து அரை அலைநீளத் தூரத்தில் காற்றின் ஆட்டம் மறுபடியும் சுழியமாகிவிடுவதால், 375 ஹெர்ட்ஸைப் பிடிக்கும் அதே இடத்தில் தட்டையாகத் தொங்கும் மெல்லிய துணி 750 ஹெர்ட்ஸைத் தப்பவிடுகிறது. சுவரின் அகலத்தைப் போல் இருமடங்கு அகலமுள்ள துணியை ஆழமான மடிப்புகளோடு தொங்கவிட்டால், மடிப்பின் ஒரு பகுதி சுவருக்கு அருகிலும் மற்றொரு பகுதி தொலைவிலும் அமைந்து, ஒன்று தப்பவிடுவதை மற்றொன்று பிடித்துக்கொள்கிறது. அரங்குகளின் திரைச்சீலைகள் மடிப்போடு தொங்குவதில் அழகுக்கு அப்பாலும் இப்படியொரு பயன் இருக்கிறது.

பொருளைத் தேர்ந்தெடுக்க ஓர் எளிய சோதனை போதும்: வாயருகே வைத்து ஊதினால் மூச்சு சிறு தடையோடு மறுபுறம் போக வேண்டும். தடையே இல்லாமல் போகும் மெல்லிய வலைத்துணியில் உராய்வு போதாது. சற்றும் போகாத ரெக்சின், பிளாஸ்டிக் உறை, நுண்ணறைகள் மூடிய தெர்மாக்கோல் ஆகியவற்றுக்குள் காற்று நுழையவே நுழையாது. தெர்மாக்கோல் வெப்பத்தைத் தடுப்பதால் ஒலியையும் தடுக்கும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஒலித்தடுப்பு, ஒலி உட்கவர்தல் ஆகிய இரண்டு பணிகளிலும் அது ஏறத்தாழப் பயனற்றது. கனமான பருத்திப் போர்வை, பழைய ரஜாய், இரண்டாக மடித்த ஜமக்காளம், இலவம்பஞ்சு மெத்தை ஆகியவை சோதனையில் தேறுகின்றன. சற்றுச் செலவழிக்க முடிந்தவர்கள் ஐந்து சென்டிமீட்டர் தடிமனுள்ள ராக்வூல் எனும் கல்லிழைப் பலகைகளை, இழைகள் உதிராதபடி நெருக்கமான துணியால் பொதிந்து, மரச்சட்டத்தில் இட்டு, அவற்றையும் சுவரிலிருந்து விலக்கியே நிறுத்துவது நல்லது.

சட்டத்துக்கு முக்கால் அங்குல பி.வி.சி. குழாய்களும், ‘எல்போ’, ‘டி’ இணைப்புகளும் போதுமானவை. பசை இடாமல் பொருத்தினால் வேலை முடிந்ததும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். அதற்கும் வசதியில்லாதவர்கள் அறையின் மூலையில் இரண்டு சுவர்களுக்கு இடையே கொடிக்கயிறு கட்டிப் போர்வைகளைத் தொங்கவிட்டாலும் இயற்பியல் குறை சொல்லாது. முதல் போர்வை எங்கே தொங்க வேண்டும் என்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். குரல்பதிவில் வழக்கமாகப் பயன்படும் ‘கார்டியாய்டு’ மைக், முன்புறத்து ஒலியை நன்றாக ஏற்று, நேர் பின்புறத்து ஒலியைப் பெருமளவு தள்ளிவிடும் வகையைச் சேர்ந்தது. அதன் முன்புறம் பாடுபவரை நோக்கியிருப்பதால், பாடுபவரின் முதுகுக்குப் பின்னாலுள்ள சுவரிலிருந்து திரும்பும் ஒலி நேராக அதனுள் நுழைகிறது. ஆகவே முதல் போர்வை முதுகுக்குப் பின்னாலும், அடுத்தவை இரு பக்கங்களிலும், பின்னர் தலைக்கு மேலும் அமைய வேண்டும். மைக்கின் பின்னால் பொருத்த விற்கப்படும் அரைவட்டத் தடுப்புகள், குரல் அறைக்குள் பரவுவதைச் சிறிதளவு குறைத்தாலும், முதுகுப்புறத்திலிருந்து வருவதை எதுவும் செய்வதில்லை; விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. முன்னாலுள்ள மேசையின் மீது மடித்த போர்வையை விரிப்பதும், முடிந்தால் மேசையையே அகற்றிவிட்டு நின்று பாடுவதும் நல்லது.

நாற்புறமும் மூடிய ப்ளைவுட் பெட்டியைச் செய்து உள்ளே மெல்லிய நுரைப்பஞ்சை ஒட்டும் ஆசை பலருக்கு எழுகிறது. அதைத் தவிர்ப்பதற்கு வலுவான காரணங்கள் உள்ளன. நான்கடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு பலகைகளுக்கிடையே 141 ஹெர்ட்ஸில் நிலையலை எழுகிறது. ஒன்றரைக் கட்டைச் சுருதியில் பாடும் ஆண்குரலின் சட்ஜமம் 139 ஹெர்ட்ஸில் இருப்பதால், பாடகர் ஆதார சுருதிக்குத் திரும்பும்போதெல்லாம் பெட்டியும் சேர்ந்து உறுமும். மெல்லிய பஞ்சு அந்த உறுமலைத் தொடாமல் மேல் அதிர்வெண்களை மட்டும் தின்றுவிடுவதால், குரல் மூடுண்டு மங்குகிறது. ஓய்வாக இருக்கும் மனித உடலே சுமார் 100 வாட் வெப்பத்தையும், நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் கார்பன் டைஆக்சைடையும் வெளியிடுகிறது. நான்கடிக்கு நான்கடி பரப்பும் ஆறரையடி உயரமும் கொண்ட காற்றுப்புகாப் பெட்டியில் இருபது நிமிடத்தில் அவ்வாயுவின் அளவு வெளிக்காற்றில் உள்ளதைப் போல் நான்கு மடங்கை எட்டிவிடும். சித்திரை வெயிலில் அத்தகைய பெட்டிக்குள் நின்று ஒருவர் பாட வேண்டும் என்று எதிர்பார்ப்பதே கொடுமை. ஒரு பக்கம் திறந்த, போர்வைகளாலான கூண்டு, தாழ்ந்த ஒலியைத் தன் வழியே வெளியேற விடுவதால் உறுமுவதுமில்லை, மூச்சை முட்டவைப்பதுமில்லை.

தீயைப் பற்றிய எச்சரிக்கையை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிட முடியாது. 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் ‘தி ஸ்டேஷன்’ இரவு விடுதியில் 100 பேரும், 2013இல் பிரேசிலின் சாண்டா மரியா நகரத்து ‘கிஸ்’ விடுதியில் 242 பேரும் இறந்தபோது, இரண்டு இடங்களிலும் வாணவேடிக்கைப் பொறி பற்றியது ஒலிக்காகப் பதிக்கப்பட்டிருந்த பாலியூரித்தேன் நுரைப்பஞ்சில்தான். அது எரியும்போது எழும் புகையில் ஹைட்ரஜன் சயனைடு நச்சு கலந்திருக்கிறது. முட்டை அட்டையும் தெர்மாக்கோலும் எளிதில் தீப்பற்றுபவை. கல்லிழையான ராக்வூல் எரிவதில்லை. பருத்திப் போர்வை எரியும் என்பதால், சூடேறும் விளக்கையோ மின் இணைப்புப் பலகையையோ அதையொட்டி வைக்காமல் இருப்பது கட்டாயம்.

கட்டி முடித்த கூண்டின் தரத்தைக் கைதட்டி அறிய முயல்வது வழக்கமெனினும், கைதட்டலில் உயர்ந்த அதிர்வெண்கள் மிகுந்திருப்பதால் அச்சோதனை மெல்லிய பஞ்சுக்குச் சாதகமான தீர்ப்பையே தருகிறது. அதைவிட நம்பத்தக்க வழி, ஒரே வரியை இருமுறை, போர்வை சுவரை ஒட்டியிருக்கும்போது ஒருமுறையும் ஒரு சாண் விலகியிருக்கும்போது மறுமுறையும், மைக்கையும் வாயையும் அசைக்காமல் பதிவு செய்து, ஹெட்ஃபோனில் அடுத்தடுத்துக் கேட்பதாகும். ‘ஸ’, ‘ஷ’ போன்ற உரசொலிகளின் ஆற்றல் பல்லாயிரம் ஹெர்ட்ஸில் இருப்பதால், அவை இரண்டு பதிவுகளிலும் ஏறத்தாழ ஒரே அளவு தெளிவாக ஒலிக்கும். 300 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையில் முதன்மை ஒத்ததிர்வு கொண்ட ‘ஆ’, ‘ஊ’, ‘ஓ’ ஆகிய நெடில்களின் முடிவில், முதல் பதிவில் நிற்கும் வால் இரண்டாம் பதிவில் சுருங்கியிருக்கும். சுருங்கவில்லையெனில் போர்வையை இன்னும் நான்கு விரல் முன்னால் இழுத்து, மடிப்புகளை ஆழமாக்கி, மறுபடியும் பதிவு செய்து பார்க்க வேண்டும்.