நடுச்சுவரில் கை வைக்கும் முன்

உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளின் கூடம் குறுகியும் கோணலாகவும் இருப்பதற்குப் பாகப்பிரிவினை ஒரு காரணம். அப்பா கட்டிய வீட்டின் நடுவே அண்ணன் தம்பி சுவர் எழுப்பிக்கொள்ள, ஆளுக்கொரு நீண்ட சந்துதான் மிஞ்சும். இன்னொரு காரணம் தொகுப்பு வீடு. 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை, தாழ்வாரம் எல்லாம் சேர்த்தே 300 சதுர அடி. பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர். 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி. பக்கத்துக்கொரு கதவு திறக்கும் கூடத்தில் பீரோவை எங்கே வைப்பது, பெண் பார்க்க வருகிறவர்களை எங்கே உட்கார வைப்பது? கவலை நியாயமானது. கையிலிருக்கும் சொற்பக் காசில் அதைச் சரிசெய்ய நினைப்பதும் நியாயமானது. ஆனால் சின்ன வேலைதானே என்று யாரையும் கேட்காமல் இறங்குவதில்தான் ஆபத்து இருக்கிறது.

“இந்தச் சுவரை எடுத்துட்டா ஹால் பெருசாயிடும்ணே” என்று மேஸ்திரி சொல்வார். உடனே தலையாட்டாதீர்கள். இத்தகைய சிறு வீடுகளில் பலவற்றுக்குத் தூண்களே கிடையாது. மேல்தளத்தின் பாரம் முழுவதையும் செங்கல் சுவர்கள்தான் சுமக்கின்றன. ஒன்பது அங்குலச் சுவரை எடுத்தால் தளம் அன்றைக்கே இறங்கலாம், அல்லது அடுத்த மழைக்காலம் வரை விரிசல் விட்டுக்கொண்டே இருக்கலாம். நாலரை அங்குலத் தடுப்புதானே என்று நினைப்பதும் தப்பு. சில வீடுகளில் காலப்போக்கில் தளம் அதன்மேலும் சாய்ந்திருக்கும். வாசல் ஒன்றை அகலப்படுத்துவதாக இருந்தாலும் மேலே லிண்டல் போடாமல் உடைக்கக் கூடாது. தொகுப்பு வீடு என்றால் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குப் போய் ஓவர்சியரையோ பொறியாளரையோ கேளுங்கள். மற்ற வீடுகளுக்குக் கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். அவருக்குத் தரும் தொகை வீண் செலவு ஆகாது. பாகம் பிரித்தபோது எழுந்த பொதுச்சுவர் என்றால் அது இரு தரப்புக்கும் சொந்தம். ஒருவர் தன் இஷ்டத்துக்கு இடித்தால் மற்றவர் உரிமையியல் நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேட்கலாம்.

இடிக்காமலே இடம் கிடைக்க வழி உண்டு. கோலமாவால் தரையில் சோபா, கட்டில், டிவி ஸ்டாண்டு அளவுகளை வரைந்துவிட்டு ஓரிரு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். எது காலில் இடறும் என்று கடைக்குப் போகும் முன்பே தெரிந்துவிடும். நீளமான கூடத்துக்குச் சோபா செட் பகை. சுவரோரமாகத் திண்ணை போல ஒரு நீள இருக்கை அமைத்து, அதன் அடியில் சாமான் வைக்க இடம் விட்டால் வந்தவர்களும் உட்காரலாம், பாயும் தலையணையும் கண்ணில் படாமல் இருக்கும். கூடத்துக்குள் திறக்கும் கதவை அறைப்பக்கம் திறக்கும்படி மாற்றினாலே ஒரு மூலை நமக்குத் திரும்பக் கிடைக்கும்.

அடுத்தது பெயின்ட். பழைய கதவு, ஜன்னல், கம்பிகளின் எனாமல் பூச்சில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாள் போட்டு நனைக்காமல் தேய்க்கும்போது பறக்கும் தூசு தரையில் படியும்; தவழும் குழந்தை கையில் ஒட்டி வாய்க்குள் போகும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே பழைய பூச்சை நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். புதிதாக வாங்கும் பெயின்டைப் பொறுத்தவரை சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2016இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகள் 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது, டப்பாவிலும் அதைக் குறிப்பிட வேண்டும். தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான பெயின்டுக்கு இந்த விதிகள் பொருந்தாது. மலிவாகக் கிடைக்கிறதென்று அதை ஜன்னல் கம்பிக்கு அடிக்காதீர்கள்.

சுவரில் ஓதம் ஏறியிருந்தால் அதைச் சரிசெய்யாமல் பட்டி பார்ப்பது காசைக் கரைப்பதுதான், உரிந்து விழும். அங்கே சுண்ணாம்பே மேல். ஆனால் சுண்ணாம்பு கரைக்கும் இடத்தில் பிள்ளைகளை விடாதீர்கள். கண்ணில் தெறித்தால் உடனே நல்ல தண்ணீரால் குறைந்தது கால் மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் அலங்காரத்துக்காக அதைத் துளைக்கவோ அறுக்கவோ வேண்டாம். அந்தத் தூசு நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும். மின்வேலையும் இருந்தால் புது ஒயரை ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். அதிலுள்ள உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியையும் கையோடு பொருத்திவிடுங்கள்.

இனி பணம். குடவோலை முறையைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டு முதலாம் பராந்தகன் காலத்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்கத் தகுதியில்லை என்று அது விதிக்கிறது. அந்த ஊரிலேயே இன்று ஆயிரக்கணக்கில் முன்பணம் வாய்வார்த்தையை நம்பிக் கைமாறுகிறது. என்ன வேலை, எந்தப் பொருள், எவ்வளவு தொகை, எப்போது முடியும் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்திடுங்கள். முன்பணத்தை வங்கி வழியாகவோ ஜி.பே.யிலோ கொடுங்கள்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகை பழுதான பொருளுக்குச் செல்லாது. மொத்தமாகப் பேசி ஒப்பந்தத்துக்கு விட்ட வேலையில் குறை இருந்தாலும் புகார் செய்யலாம். நாமே நாள்கூலிக்கு ஆள் வைத்து, கூடவே நின்று வேலை வாங்கினால் இந்தச் சட்டம் கைகொடுப்பது கடினம்.

தவணையில் சோபா, குழுக்கடனில் பீரோ என்று வாங்குவோர் அதிகம். நுண்கடன் வாங்கும் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. வசூலுக்கு வருகிறவர் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வரக் கூடாது. வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. மிரட்டினால் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள். தீபாவளிக்குக் கட்டில் தருவதாகச் சொல்லும் பதிவில்லாத சீட்டில் சேரவே வேண்டாம்.

ஏமாந்துவிட்டால் முதலில் 1915 என்ற எண்ணை அழையுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கடைக்காரர் சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பில், ஒப்பந்தத் தாள், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் ஆகியவற்றைச் சேர்த்து, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுவைக் கொடுத்துவிட வேண்டும்.