ஆயுளும் ஆகாரமும்

தீர்க்காயுளை விரும்பாத மனிதர் உலகில் அரியர். அதை விலை கொடுத்து வாங்கிவிடலாமென்று நம்புகிறவர்களோ நாளுக்கு நாள் பெருகி வருகின்றனர். மருந்து விற்போரிடம் பணத்தைக் கொட்டுமுன், ஜப்பான் தேசத்தின் தென்கோடியிலுள்ள ஓகினாவாத் தீவின் சரித்திரத்தைச் சற்றே கவனிக்குமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

அத்தீவில் நூறு வயது கடந்தவர்களை 1975 முதல் வைத்திய நிபுணர்கள் ஆராய்ந்து வருகின்றனர். அம்முதியோர் செல்வத்தில் வளர்ந்தவர்களல்லர். அடிக்கடி புயல் வீசும் அப்பூமியில், 1605-இல் சீனாவிலிருந்து வந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கே ஏழைகளின் உயிரைக் காத்தது. 1949-இலும் ஜனங்கள் உண்ட உணவில் பாதிக்கு மேல் அக்கிழங்குதான். கீரை, பாகற்காய், கடற்பாசி, சோயா மொச்சையினின்று செய்த கட்டி ஆகியவை அதற்குத் துணை. வயிற்றில் பத்தில் எட்டுப் பங்கு நிறைந்ததும் கையை நிறுத்த வேண்டுமென்பது அவர்களது முதுமொழி. தள்ளாத வயதிலும் தோட்டத்தில் வேலை செய்வர். பாயில் அமர்ந்து எழுவர். ‘மோவாய்’ என்ற பெயரில், நம்மவர் சீட்டுப் போடுவதுபோல் சிலர் சேர்ந்து பணம் போட்டு, கஷ்ட காலத்தில் ஒருவருக்கொருவர் உதவுவர்.

வயதுக் கணக்கை நம்பலாமா என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. 1945-ஆம் வருஷத்து யுத்தத்தில் அத்தீவின் குடும்பப் பதிவேடுகள் பெரும்பாலும் அழிந்தன. ஜப்பான் முழுவதிலும், ஏட்டில் உயிரோடிருந்த நூறு வயதினர் 2,30,000 பேருக்கு மேல் இருப்பிடம் தெரியாதவர்களென்று 2010-இல் வெளியாயிற்று. ஆனால், நமது வாதம் நூறு வயதினரின் தொகையைச் சார்ந்ததன்று. பொது ஜனங்களின் சராசரி ஆயுளைச் சார்ந்தது.

1985-இல் ஜப்பானின் 47 மாகாணங்களுள் ஆண்களின் ஆயுளில் ஓகினாவா முதலிடம் வகித்தது. 2000-இல் இருபத்தாறாம் இடத்துக்கு வீழ்ந்தது. 2020-இல் நாற்பத்துமூன்றாம் இடத்தை அடைந்தது. நெடுங்காலம் முதலிடத்திலிருந்த பெண்களும் பதினாறாம் இடத்துக்கு இறங்கினர்.

இவ்வீழ்ச்சிக்குக் காரணம் யாது? 1972 வரை அத்தீவு அமெரிக்கரின் ஆட்சியிலிருந்தது. அவர்களுடைய இராணுவத் தளங்கள் இன்றும் அங்குள்ளன. தளங்களைச் சுற்றி டப்பாவில் அடைத்த மாமிசமும், எண்ணெயில் பொரித்த பண்டங்களும் பரவின. யுத்தத்தில் அழிந்த ரயில் பாதைக்குப் பிறகு, 2003 வரை ஜனங்களுக்கு வேறு ரயிலில்லை, மோட்டாரே கதியாயிற்று. கிழங்கு தின்று, நடந்து வளர்ந்த பாட்டனார் தொண்ணூறு தாண்டியிருக்க, பேரப்பிள்ளைகள் நடு வயதிலேயே பருமனுக்கும் நோய்க்கும் இரையாகலாயினர்.

இரத்தம் மாறவில்லை, காற்றும் கடலும் மாறவில்லை. மாறியவை உணவும் நடையும் உழைப்புமே. ஆகவே, தீர்க்காயுள் ஒரு ஜாதியாரின் பரம்பரைச் சொத்தென்று சொல்லுவது பொருந்தாது. ஒரு தலைமுறை சேர்த்ததை அடுத்த தலைமுறை இழந்துவிடக்கூடும்.

பழைய வறுமை திரும்ப வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. வறுமை கற்பித்த மிதத்தை, வசதி வந்த பின்னும் விடாதிருப்பதே விவேகம். தனி மனிதரின் மனவுறுதி மட்டும் இதற்குப் போதாது. காலால் நடக்கத்தக்க வீதிகளும், நல்ல காய்கறி மலிவாகக் கிடைக்கும் கடைத்தெருவும், முதியோரைத் தனியே விட்டுவிடாத அக்கம்பக்கமும் வேண்டும். இவற்றை ஆக்குவது ஆள்வோருக்கும் ஜனங்களுக்கும் பொதுவான கடமை. அதைச் செய்யாமல் மருந்துப் புட்டியில் ஆயுளைத் தேடுவது வீண் முயற்சியேயாகும்.