முதலில் நிற்கட்டும், அப்புறம் ஓடட்டும்

அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட எம்35 லாரியை ஏலத்தில் எடுத்து வீட்டு வாசலில் நிறுத்தியிருப்பவர்கள் அந்த நாட்டில் நிறையப் பேர். இரண்டரை டன் வண்டி என்பதால் ‘ட்யூஸ் அண்ட் எ ஹாஃப்’ என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். 1950 வாக்கில் ரியோ கம்பெனியில் தொடங்கிய வண்டி. வியட்நாம் போர் முழுக்க ஓடியது. மூன்று ஆக்சில், மூன்றுக்கும் இழுவை உண்டு. காடுமேட்டில் இரண்டரை டன், தார்ச்சாலையில் ஐந்து டன் ஏற்றலாம் என்று கணக்கு.

வண்டி வந்து இறங்கியதும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: பேட்டரி மாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பது. அந்த ஆசை எனக்கும் புரிகிறது. அந்த இன்ஜின் அப்படிப்பட்டது. ஏ2 மாடலில் வந்த மல்டிஃப்யூயல் இன்ஜின், 7.8 லிட்டர், ஆறு சிலிண்டர். டீசல், மண்ணெண்ணெய், ஜெட் எரிபொருள் எதை ஊற்றினாலும் ஓடும். அவசரத்துக்குப் பெட்ரோலும் ஏற்கும். பிஸ்டன் தலையில் உருண்டையாக ஒரு குழி. அதன் சுவரில் எரிபொருளைப் படலமாகப் பீய்ச்சுவார்கள். சூட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி எரிவதால், எரிபொருள் மாறினாலும் இன்ஜின் முரண்டு பிடிப்பதில்லை. ஜெர்மனியின் மேன் கம்பெனி கண்ட வழி இது.

ஆனால் ஓடாத இன்ஜின் யாரையும் கொல்லாது. நிற்காத வண்டி கொல்லும். அதனால்தான் பிரேக்கிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தை ஏர்பேக் என்கிற பூஸ்டர் காற்றின் பலத்தால் பெருக்கி ஆறு டிரம்களுக்கும் அனுப்புகிறது. ஏ2 வண்டிகளில் இது ஒரே சர்க்யூட். இன்றைய கார்களில் ஒரு பாதி போனாலும் இன்னொரு பாதி பிடிக்கும். இந்த லாரியில் ஏதோ ஒரு சக்கரத்தில் ரப்பர் வாஷர் கிழிந்தால் ஆறும் போச்சு. ஹேண்ட் பிரேக்? அது சக்கரத்தில் பிடிப்பதில்லை, ஆக்சில்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் உள்ள தனி டிரம்மில் பிடிக்கிறது. நிற்கும் வண்டியை நிறுத்திவைக்கத்தான் அது. சரிவில் உருளும் ஆறு டன் எடையுள்ள வண்டியை அதை நம்பி நிறுத்த முடியாது.

வருஷக்கணக்கில் சும்மா நின்ற வண்டியில் முதலில் கெடுவது வீல் சிலிண்டர். சாதாரண பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; அந்த ஈரம் சிலிண்டரின் உள்சுவரில் துருப் புள்ளிகளாகும்; வண்டியை எடுத்ததும் அந்தத் துரு ரப்பரை அராவிவிடும். டிரம்மைக் கழற்றி, சிலிண்டரின் முனையிலுள்ள ரப்பர் உறையை ஸ்க்ரூ டிரைவரால் லேசாக நெம்பிப் பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் நல்லது. ஈரம் இருந்தால் அந்த சிலிண்டரை நம்பாதீர்கள்.

பிரேக் லைனிங்கே நனைந்திருந்தால் விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் அது ஆக்சிலிலிருந்து வரும் கியர் ஆயில்; ஹப் சீல் போயிருக்கிறது. தண்ணீர்போல இருந்தால் பிரேக் ஆயில். இரண்டுக்கும் வேலை வேறு. லைனிங் ஊறிவிட்டால் மட்டும் கழுவித் துடைத்துப் போடும் பேச்சே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

இன்னொரு சங்கதி. 1980களில் ராணுவம் சிலிகான் பிரேக் ஆயிலுக்கு மாறியது. ஈரம் உறிஞ்சாது என்பதுதான் காரணம். கடையில் கிடைக்கும் சாதாரண ஆயிலை அதோடு சேர்த்து ஊற்றக் கூடாது, இரண்டும் கலக்காது. உள்ளே எது இருக்கிறது என்று கண்டுபிடிக்க, சின்ன பாட்டிலில் தண்ணீர் எடுத்து நாலு சொட்டு விட்டுக் குலுக்குங்கள். கரைந்தால் சாதாரணம். மேலே பிரிந்து மிதந்தால் சிலிகான்.

பிரேக் முடிந்ததா, இப்போது இன்ஜின். நின்ற வண்டியில் பழைய எரிபொருள் பிசினாகி இன்ஜெக்ஷன் பம்ப்பின் உள்பாகங்கள் ஒட்டிக்கொள்வது உண்டு. முழு எரிபொருள் நிலையில் ஒட்டியிருந்தால், ஸ்டார்ட் ஆனதும் வேகம் ஏறிக்கொண்டே போகும். சாவி திருப்பி அணைக்கும் இன்ஜின் இல்லை இது. கேபிளை இழுத்து எரிபொருளை அடைத்துத்தான் நிறுத்த வேண்டும். அதனால் அந்தக் கேபிள் இழுபடுகிறதா என்று முன்னாலேயே பார்த்துவிடுங்கள். கேபிளும் கைவிட்டால் இன்ஜினுக்குக் காற்று போகும் வாயை அடைக்க, முதல் ஸ்டார்ட்டின்போது ஒரு தட்டைப் பலகையோடு பக்கத்தில் ஓர் ஆள் நிற்கட்டும்.

மின்சாரம் 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருக்கும். ரேடியோவுக்காக ஒன்றிலிருந்து மட்டும் லைன் எடுக்காதீர்கள். ஒன்று காலியாகிக்கொண்டே போகும், இன்னொன்று அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும், கடைசியில் இரண்டும் கெடும்.

கையேட்டுக்குப் பஞ்சமில்லை. டிஎம் 9-2320-361 வரிசையில் ஓட்டுநருக்கு ஒன்று, மெக்கானிக்குக்கு ஒன்று என்று ராணுவமே படம் போட்டு அச்சடித்திருக்கிறது. அனுபவசாலி சொல்வதும் அதுவும் முரண்பட்டால் நான் கையேட்டின் பக்கம்தான்.

இத்தனையும் நீங்களே செய்யலாம். டயர் மட்டும் வேண்டாம். இதன் ரிம்மில் லாக் ரிங் உண்டு. துருப்பிடித்த ரிங் காற்றடிக்கும்போது தெறித்தால் ஆளை அடித்தே கொன்றுவிடும். இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் காற்றடிக்கும் பட்டறையைத் தேடிப் பிடித்து, அந்த வேலையை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.